லார்ட்ஸில் புல் தின்ற புழு நத்தத்தில் ஏன் இல்லை?

1935 ஜூன் கடைசியில் லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் டெஸ்ட் ஆடியபோது அந்த மைதானம் பார்க்கச் சகிக்காத கோலத்தில் இருந்தது. பச்சைக் கம்பளம் என்று பேரெடுத்த இடத்தில் புல் திட்டுத்திட்டாகச் செத்து மண் தெரிந்தது. பந்து வளைந்து நெளிந்து திரும்பியது. செனஃபன் பலாஸ்காஸ் என்ற லெக் ஸ்பின்னர் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 9 விக்கெட் எடுத்தார். தென்னாப்பிரிக்கா 157 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தது. இங்கிலாந்து மண்ணில் அந்த அணிக்கு அதுதான் முதல் டெஸ்ட் வெற்றி. மற்ற நான்கு ஆட்டங்களும் டிராவில் முடிந்ததால் தொடரும் அவர்கள் கைக்குப் போனது.

புல்லைக் கொன்றது ஒரு புழு. காலில்லாத, மண் நிறத்துப் புழு. தோல் தடித்து முரடாக இருப்பதால் ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் அதை லெதர்ஜாக்கெட் என்பார்கள். அது வளர்ந்து சிறகு முளைத்தால் கிரேன்ஃபிளை. நம் ஊரில் மழைக்காலத்து இரவில் டியூப்லைட்டைச் சுற்றித் தள்ளாடும் நீளக்கால் பூச்சியின் சொந்தக்காரன். இந்தக் கட்டுரையில் அதை நெடுங்கால் ஈ என்று சொல்லிக்கொள்கிறேன்.

திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்திலும் ஒரு கிரிக்கெட் மைதானம் இருக்கிறது. என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில் 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்கள் நடக்கின்றன. ரஞ்சி ஆட்டங்களும் நடந்திருக்கின்றன. ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் கரந்தமலை, நடுவில் மாந்தோப்பும் புளியமரமுமாகக் கிடக்கும் வறண்ட மண்ணில், தண்ணீர் விட்டு வளர்த்த பச்சை அது. அங்கே புல்லைப் பற்றிய கவலை தண்ணீரைப் பற்றிய கவலைதான். லார்ட்ஸ் புழு அங்கே கிடையாது. ஏன் கிடையாது என்று கேட்கப் போனால், ஒரு உயிரினம் எங்கே வாழும், எங்கே வாழாது என்பதை எது தீர்மானிக்கிறது என்ற கேள்வியில் போய் நிற்போம்.

முதலில் பூச்சியைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிடலாம். கொசுவைப் பிடித்து இழுத்து நீட்டியதுபோல இருக்கும். ஆனால் கடிக்காது, கடிக்க அதற்கு வாய் உறுப்பே இல்லை. கொசுவைத் தின்னும் என்பதும் கட்டுக்கதை. வளர்ந்த ஈ அநேகமாக எதையும் தின்பதில்லை. பெண்ணின் வயிற்று நுனி ஊசிபோல் கூர்ந்திருப்பதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அது கொடுக்கு அல்ல, மண்ணில் குத்தி முட்டை வைக்கும் கருவி. சுவரில் உட்கார்ந்திருக்கும்போது முதுகை உற்றுப் பார்த்தால் இரண்டு சிறகுக்கு நடுவே வி வடிவத்தில் ஒரு பள்ளக்கோடு தெரியும். இந்தக் கூட்டத்தின் முத்திரை அதுதான். பின்சிறகு இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி போன்ற இரண்டு காம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கையில் உடல் சாயாமல் காப்பவை அவை. எல்லா ஈக்களுக்கும் இவை உண்டென்றாலும் வெறும் கண்ணுக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிவது இதில்தான். காலைத் தொட்டால் கையோடு வந்துவிடும். பல்லியின் வால்போல, பிடித்தவன் கையில் காலை விட்டுவிட்டுத் தப்புவது இதன் பழக்கம். ஆறு காலும் உள்ள மாதிரி ஒன்றைச் சேகரிப்பது ஆராய்ச்சியாளருக்கே பெரும்பாடு.

லார்ட்ஸ் போன்ற புல்வெளிகளில் பெயர் கெட்ட இனம் டிப்புலா பலுடோசா. அதன் ஒரு வருஷ வாழ்க்கையில் சிறகோடு இருப்பது சில நாட்கள்தான். ஆகஸ்ட், செப்டம்பரில் மண்ணிலிருந்து கூட்டுப்புழு நெளிந்து நெளிந்து மேலே வந்து, பாதி உடல் வெளியே நீட்டியபடி நிற்கும். முதுகு பிளந்து ஈ வெளியேறும். காலையில் புல்வெளியில் நடந்தால் காலிக் கூடுகள் முளைபோல நட்டுக்கொண்டு நிற்பதைக் காணலாம். பெண் ஈ வெளியே வரும்போதே வயிறு நிறைய முட்டை. ஆண் அங்கேயே காத்திருக்கும். கனத்த உடம்போடு தூரம் பறக்க முடியாததால் முட்டைகளில் பெரும்பகுதியைப் பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே முதல் இரவில் இட்டுவிடும். கருகருவென்ற சின்ன முட்டைகள். சுமார் இரண்டு வாரத்தில் பொரித்து, புழு இலையுதிர்காலம், பனிக்காலம், வசந்தம் என்று மூன்று பருவமும் புல் வேரைத் தின்று வளரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு பலவீனமான இடம் இருக்கிறது: முட்டையும், முட்டையிலிருந்து அப்போதுதான் வந்த புழுவும். முட்டை மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சித்தான் வளர வேண்டும். அந்த சில வாரங்கள் மேல்மண் காய்ந்தால் கதை முடிந்தது. இங்கிலாந்தின் வடகோடியில் நார்தம்பர்லாந்தில் 1955லும் 1959லும் இந்தப் புழுக்களின் எண்ணிக்கை சடாரென்று சரிந்தது. மில்ன், லாஃப்லின், காகின்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதைத் துருவி 1965ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மருந்தும் காரணமில்லை, பறவையும் காரணமில்லை; முட்டையிடும் காலத்தில் மழை தவறியதே காரணம் என்பது அதன் சாரம். மழைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லாத அந்த நாட்டிலேயே ஓர் இலையுதிர்கால வறட்சி இந்தப் பூச்சியைத் துடைத்துப் போட்டுவிடுகிறது என்றால், நத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் சொல்லித்தான் பார்ப்போம். ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் இங்கே ஆவணி, புரட்டாசி. சாயங்காலம் ஒரு இடிமழை கொட்டினாலும் மறுநாள் மதியத்துக்குள் மேல்மண் பொடியாகிவிடும். இப்பகுதிக்கு நின்று பெய்யும் மழை வடகிழக்குப் பருவமழை. அது ஐப்பசியில்தான் பிடிக்கும். பலுடோசா முட்டையிட்டு முடித்த பிறகு! சரி, மழைக்குத் தகுந்தாற்போல் அது தன் நாட்காட்டியை மாற்றிக்கொள்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், கார்த்திகையில் பொரிக்கும் புழு அடுத்த பல மாதங்களை இரண்டு மூன்று அங்குல ஆழத்து மண்ணில் கழித்தாக வேண்டும். மாசி, பங்குனி, சித்திரை. நத்தத்துச் சித்திரை மாத மண்ணை வெறுங்காலில் மிதித்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். தண்ணீர் பாய்ச்சும் மைதானம் ஈரம் தரலாமே என்று கேட்கலாம். ஈரம் தரும், குளிர்ச்சி தராது. இந்தப் புழுவுக்கு இரண்டும் வேண்டும்.

இதுவரை ஓர் இனம் என்று பேசினேன். உண்மையில் ஐரோப்பியப் புல்வெளிகளில் அச்சடித்தாற்போல் இரண்டு இனங்கள் கலந்து திரிகின்றன. ஒன்று லின்னேயஸ் 1758ல் பெயரிட்ட டிப்புலா ஓலரேசியா. மற்றது ஜெர்மானியரான மைகன் 1830ல் பிரித்துக் காட்டிய பலுடோசா. இடையில் 72 ஆண்டுகள். மைகனுக்குப் பிறகும் பண்ணைக்காரர்களும் சில ஆராய்ச்சியாளர்களுமே இரண்டையும் ஒன்றாக எழுதிக்கொண்டிருந்தார்கள். வேறுபாடு சின்னதுதான், ஆனால் தீர்மானமானது. பலுடோசா பெண்ணின் சிறகு வயிற்றைவிடக் குட்டை. ஓலரேசியா பெண்ணின் சிறகு வயிற்று நுனியைத் தாண்டும். தலையைக் கீழிருந்து பார்த்தால் பலுடோசாவின் இரண்டு கண்களுக்கும் நடுவே அகலமான இடைவெளி; ஓலரேசியாவில் கண்கள் நெருங்கி வந்துவிடும். வாழ்க்கை முறையும் வேறு. பலுடோசாவுக்கு ஆண்டுக்கு ஒரே தலைமுறை. ஓலரேசியா வசந்தத்தில் ஒன்று, இலையுதிர்காலத்தில் ஒன்று என இரண்டு எடுக்கும். நீண்ட சிறகு இருப்பதால் தூரமும் போகும். இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு பெரிய விளைவைத் தரும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

லின்னேயஸ் டிப்புலா என்ற பேரினத்தை ஏற்படுத்தியபோது நீளக்கால், மெலிந்த உடல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் அதற்குள் போட்டுவிட்டார். குளத்துச் சேற்றில் சிவப்புப் புழுவாக வளரும் பூச்சியைக்கூட டிப்புலா புளுமோசா என்றார். அது இன்று கைரோனோமஸ் பேரினத்தில் இருக்கிறது, நெடுங்கால் ஈக்குத் தூரத்து உறவுதான். எல்லாவற்றையும் கொசு என்று துண்டால் அடிக்கும் நம் வீட்டுத் தாத்தாவுக்கும் ஸ்வீடன் நாட்டுப் பேராசிரியருக்கும் அந்த வகையில் பெரிய வேறுபாடில்லை. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தக் கூட்டத்துக்கு ஒழுங்கு கொடுத்தவர்களில் முக்கியமானவர் நியூயார்க்கில் ரஷ்யத் தூதரக அதிகாரியாக இருந்த பாரன் ஆஸ்டன் சாக்கன். தூதரக வேலையில் இவ்வளவு ஓய்வு கிடைக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி.

வகைப்பாட்டில் சண்டை இன்னும் ஓயவில்லை. நெடுங்கால் ஈக்கள் எல்லாமே டிப்புலிடே என்ற ஒரே குடும்பம் என்பது பழைய கட்சி. அவற்றை டிப்புலிடே, லிமோனிடே, பெடிசிடே, சிலிண்ட்ரோடோமிடே என்று நான்கு குடும்பமாகப் பிரிப்பது புதிய கட்சி. செக் நாட்டு ஆய்வாளர் ஸ்டாரி 1992ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு ஐரோப்பாவில் இது வலுப்பெற்றது. 2010ல் உடலமைப்பையும் மரபணுவையும் சேர்த்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு ஒன்று, பெடிசிடேயைத் தனியாக வைக்கலாம், ஆனால் லிமோனிடே என்பது ஒரே மூதாதையிடமிருந்து வந்த முழுக் குடும்பம் அல்ல என்று சொன்னது. ஆகவே ஒரே பூச்சி ஒரு புத்தகத்தில் லிமோனிடே, இன்னொன்றில் டிப்புலிடே. என் கட்சியைக் கேட்டால், களத்தில் பூச்சி பிடிப்பவருக்கு நான்கு குடும்பமே வசதி, வம்சாவளி வரைபவருக்கு வேறு நியாயம் இருக்கலாம். உலகம் முழுக்கத் தெரிந்த நெடுங்கால் ஈ இனங்கள் 15,000க்கு மேல். ஈ வகைகளில் இதைவிடப் பெரிய கூட்டங்கள் மிகக் குறைவு.

அப்படியானால் நத்தத்து டியூப்லைட்டுக்கு வருவது யார்? நெல் வயலும் கண்மாய்க்கரைப் புல்லும் உள்ள இடங்களில் எதிர்பார்க்க வேண்டிய முதல் ஆள் கொனோசியா இர்ரொராட்டா. விடெமன் 1828ல் பெயர் வைத்தது. லிமோனிடே குடும்பம். ஆப்பிரிக்காவில் தொடங்கி இந்தியா, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. வைக்கோல் நிறம், சிறகின் நரம்புகளில் மசி தெளித்ததுபோலப் பொடிப்பொடியான கரும்புள்ளிகள். இது புல்தண்டில் உட்காரும் விதம் பார்க்க வேண்டியது. முன்கால்களைத் தண்டோடு ஒட்டி முன்னே நீட்டி, பின்கால்களைப் பின்னே நீட்டி, சிறகை மூடி, தானும் ஒரு காய்ந்த சருகாகிவிடும். அசையாத வரை கண்ணில் படாது. இதன் புழுவுக்கும் ஈரச் சேறு வேண்டும், ஆனால் நம் வெயிலில் சூடேறிய வயல்சேறு அதற்குப் போதும். ஐரோப்பிய இனத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். மஞ்சளும் கறுப்பும் பளபளக்கும் நெஃப்ரோடோமா பேரினத்தவையும் தோட்டங்களில் வரும். இந்தப் பேரினம் ஐரோப்பாவுக்கும் நமக்கும் பொது.

சமவெளியை விட்டு மலைக்குப் போனால் காட்சி மாறும். இந்தப் பக்கத்து மலைகளில் நீர் கசியும் பாறைகள் உண்டு. அழகர்மலையின் நூபுர கங்கை எல்லாருக்கும் தெரிந்த ஊற்று. அப்படிப்பட்ட ஈரப்பாறையில் படியும் பாசியில்தான் ஜெரனோமையா பேரினத்தின் புழுக்கள் வளரும். வளர்ந்த ஈக்கு உடம்புக்குப் பொருந்தாத நீண்ட மூக்கு. பூக்களில் தேன் குடிக்கும். அதாவது நெடுங்கால் ஈ எதையும் தின்னாது என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. ஓடும் நீரின் கல்லில் பட்டுக்கூடு கட்டி அதற்குள் இருப்பது ஆன்டோக்கா. ஓடை மணலுக்குள் மற்றப் பூச்சிகளை வேட்டையாடி வளர்வது எரியோசெரா; தென்னிந்திய மலைகளில் இதில் நிறைய இனங்கள். டிரென்டபோலியாவோ சிலந்தி நூலில் முன்காலால் தொங்கிக்கொண்டு, வரிசையாகத் துணி உலர்த்தியதுபோல ஆடும். ஒரே கூட்டத்துக்குள் வேர் தின்பது, பாசி தின்பது, வேட்டையாடுவது, மக்கும் மரத்தில் வளர்வது என்று இவ்வளவு தொழில்கள். ஐரோப்பியப் பண்ணைப் பூச்சியை மட்டும் அறிந்தவருக்கு நெடுங்கால் ஈ ஒரு பயிர்ப்பகை. மலையோடையில் அது மீனுக்கும் தவளைக்கும் பறவைக்கும் சாப்பாடு.

இவையெல்லாம் தென்னிந்தியாவில் உண்டு என்று நமக்கு எப்படித் தெரியும்? பெரும்பாலும் ஒரு தமிழரும் ஒரு அமெரிக்கரும் சேர்ந்த தபால் வியாபாரத்தால். அதற்கு முன்பே 1912ல் என்ரிகோ புருனெட்டி, பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் இந்தப் பூச்சிகளுக்கு ஒரு தொகுதி எழுதியிருந்தார். அவர் கல்கத்தாவில் வாழ்ந்த தொழில்முறை இசைக்கலைஞர். ஆனால் தெற்கின் விவரம் குவிந்தது நான் சொன்ன அந்தத் தமிழர், பூச்சி சேகரிப்பாளர் சூசைநாதனால். காரைக்கால் பகுதியின் நெடுங்காடு, குரும்பகரம் தொடங்கி கோயம்புத்தூர், நீலகிரியின் சேரங்கோடு, ஆனைமலையின் சின்கோனா, கொடைக்கானல் வரை அவர் வலைவீசிப் பிடித்த பூச்சிகள் ஐரோப்பிய, அமெரிக்க அருங்காட்சியகங்களுக்குப் போயின. நெடுங்கால் ஈக்கள் போய்ச் சேர்ந்த இடம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட். அங்கே பேராசிரியராக இருந்த சார்ல்ஸ் பால் அலெக்சாண்டர் (1889–1981) தன் வாழ்நாளில் 11,000க்கு மேற்பட்ட நெடுங்கால் ஈ இனங்களுக்குப் பெயர் வைத்தவர். எழுபது ஆண்டு உழைப்பை ஒரு நாள் விடாமல் கணக்குப் போட்டாலும் இரண்டேகால் நாளுக்கு ஒரு புது இனம் வருகிறது. மனைவி மேபல் வாழ்நாள் முழுக்க அந்த வேலைக்குத் துணை. அவர் சேகரம் இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

அவர் எப்படி வேலை செய்தார் என்பதைச் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டத்தில் இனம் பிரிப்பது பெரும்பாலும் ஆணின் வயிற்று நுனியில் உள்ள இனப்பெருக்க உறுப்பை வைத்துத்தான். கொக்கி, முள், தட்டு என்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு வடிவம். சிறகையும் காலையும் வயிற்று நுனியையும் வெட்டிக் கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். இத்தனை வேகத்தில் செய்தால் விவரணை சுருக்கமாகத்தான் இருக்கும். ஒரே ஒரு மாதிரியை வைத்துப் பெயரிட்ட இனங்களும் அவருடைய பட்டியலில் உண்டு. பின்வந்தவர்கள் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் அவர் இல்லையென்றால் முணுமுணுக்கவும் ஒன்றும் இருந்திருக்காது.

ஊசியில் குத்திய பூச்சிக்குக் கீழே ஒரு சின்னச் சீட்டு இருக்கும்: ஊர், உயரம், தேதி, பிடித்தவர் பெயர். ஓர் இனத்தின் பரவல் வரைபடம் என்று நாம் மதிப்போடு பார்ப்பது இந்தச் சீட்டுகளின் கூட்டுத்தொகையைத்தான். சீட்டுகளில் வரும் கொடைக்கானல் அன்று மதுரை மாவட்டம். 1985 செப்டம்பரில் திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனபோது பழநி மலையும் அதன் பூச்சிகளும் திண்டுக்கல் கணக்குக்கு வந்தன. ஆக, காகிதத்தில் இது நெடுங்கால் ஈ வளம் மிக்க மாவட்டம். ஆனால் அந்த வளம் மேற்குப் பாதியில் இருக்கிறது. மலைச்சாலையும் பங்களாவும் குளிரும் உள்ள ஊர்கள்தான் சீட்டுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன; சிறுமலையும் கரந்தமலையும் நத்தமும் அந்த வரிசையில் இல்லை. பிரிட்டனில் சுமார் 350 இனங்கள்தான். ஆனால் நாட்டைப் பத்துக் கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த இனம் கண்டார்கள் என்று ஆர்வலர்களே குறித்துவைக்கிறார்கள். அங்கே காலிக் கட்டம் என்றால் தேடியும் கிடைக்கவில்லை என்று ஓரளவு நம்பலாம். நத்தத்துக் கட்டம் காலி என்றால் யாரும் வலை எடுத்துக்கொண்டு போகவில்லை என்று மட்டும்தான் பொருள். ஐப்பசி, கார்த்திகை இரவுகளில் சிறுமலை அடிவாரத்தில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி விளக்கேற்றி வைத்தால் போதும். கல்லூரி விலங்கியல் துறைகளுக்கு இதைவிட மலிவான ஆய்வு கிடையாது.

மேற்குப் பாதிக்கு இன்னொரு காரணத்துக்காகவும் காவல் வேண்டும். பலுடோசா அட்லாண்டிக் கடந்து கனடாவுக்குப் போய்விட்டது; 1965ல் அதன் மேற்குக்கரையான பிரிட்டிஷ் கொலம்பியாவிலேயே தென்பட்டது. ஈரமும் மிதமான குளிரும் உள்ள கடலோரம் அது, இங்கிலாந்தின் தட்பவெப்பத்துக்குப் பக்கத்தில் வருவது. அதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் ஓலரேசியா. அமெரிக்கக் கண்டங்களில் அது இருப்பதாக முதன்முதலில் 1999ல் ஆய்விதழில் அறிவிக்கப்பட்டது ஈக்வடார் நாட்டிலிருந்து. பூமத்திய ரேகையே குறுக்கே ஓடும் நாடு! ஆனால் பூச்சிக்கு அட்சரேகை தெரியாது. ஆண்டிஸ் மலையின் உயரத்தில் வருஷம் முழுக்க வசந்தம்போல் குளிரும் ஈரமும் இருக்கும். ஆண்டுக்கு ஒரே தலைமுறையோடு பருவத்துக்குக் கட்டுப்பட்ட பலுடோசாவைவிட, இரண்டு தலைமுறை எடுக்கப் பழகிய ஓலரேசியாவுக்கு அந்த மாதிரி இடம் தோது.

நத்தத்திலிருந்து மேற்கே, அதே மாவட்டத்தில், 2,000 மீட்டருக்கு மேல் அப்படியொரு இடம் நம்மிடம் இருக்கிறது. கொடைக்கானலில் 1895 முதல் கோல்ஃப் கிளப் இருக்கிறது, ஏரிக்கரைப் புல்வெளி இருக்கிறது, உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் விளைகின்றன, மலைக்கே உரிய இயற்கைப் புல்வெளியும் மிச்சம் இருக்கிறது. செடியோடு ஒட்டிவரும் மண்ணில் புழு வருவதுதான் வழக்கமான வழி. ஆகவே அங்கே கோல்ஃப் புல் திட்டுத்திட்டாகச் செத்தால், மருந்து தேடுவதற்கு முன் ஒரு மண்வெட்டிப் புல்லைப் புரட்டிப் பார்க்க வேண்டும். காலில்லாத முரட்டுத்தோல் புழு இருந்து, அதன் உடலின் பின்முனையில் இரண்டு சுவாசத் துளைகளும் அவற்றைச் சுற்றி ஆறு சிறு மடல்களும் தெரிந்தால் அது டிப்புலா கூட்டத்ததாக இருக்கலாம். உள்ளூர் இனமா, வெளியூர் இனமா என்பதைப் புழுவை வைத்துச் சொல்வது கடினம். ஈயாகும் வரை வளர்த்து, நிபுணரிடம் காட்ட வேண்டும். ஐரோப்பிய ஜோடியில் எது என்பதை மட்டும் உணர்கொம்பின் கணுவை எண்ணிச் சொல்லிவிடலாம்: 14 கணு இருந்தால் பலுடோசா, 13 என்றால் ஓலரேசியா.